படிக்கும் முன்பே பேசிவிடும் எழுத்து

2017 ஜூலையில் பாகிஸ்தான் அரசியல் ஓர் எழுத்துருவைச் சுற்றிச் சுழன்றது. அதன் பெயர் காலிப்ரி. மைக்ரோசாஃப்ட் வேர்டில் எதையாவது தட்டியவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். முனைகள் லேசாக உருண்ட, எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாத எழுத்து அது. அன்றைய பிரதமர் நவாஸ் ஷெரீஃப் குடும்பத்தின் லண்டன் வீடுகள் பற்றி விசாரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு கூட்டுப் புலனாய்வுக் குழுவை அமைத்திருந்தது. மகள் மரியம் தரப்பு கொடுத்த டிரஸ்ட் பத்திரங்களை அந்தக் குழு லண்டனில் உள்ள ஒரு தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பியது. பத்திரங்களில் இருந்த தேதி 2006 பிப்ரவரி. அச்சாகியிருந்த எழுத்து காலிப்ரி. அந்த எழுத்துரு பொதுச் சந்தைக்கு வந்ததோ 2007 ஜனவரியில், விண்டோஸ் விஸ்டாவோடும் ஆஃபீஸ் 2007-ஓடும்.

செய்தி வெளியானதும் காலிப்ரி எப்போது வெளிவந்தது என்பதே தேசிய விவாதமானது. விக்கிப்பீடியாவில் காலிப்ரி பற்றிய பக்கத்தில் ஆண்டை மாற்றி மாற்றி எழுதத் தொடங்கினார்கள். கடைசியில் யாரும் திருத்த முடியாதபடி அந்தப் பக்கத்தைப் பூட்டிவைக்க வேண்டியதாயிற்று.

மரியம் தரப்பிடமும் ஒரு வாதம் இருந்தது. நெதர்லாந்துக்காரரான லூகாஸ் டெ க்ரோட் 2002-க்கும் 2004-க்கும் இடையிலேயே காலிப்ரியை வடிவமைத்துவிட்டார்; விஸ்டாவின் சோதனைப் பதிப்புகளிலும் அது இருந்தது. ஆனால் சோதனைப் பதிப்பை இறக்கிப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் கணினித் துறைக்காரர்கள். நவாஸ் ஷெரீஃப் 2017-இல் பதவி இழந்தது வேறொரு காரணத்துக்காக. வீடுகள் தொடர்பான வழக்கில் 2018-இல் கீழ் நீதிமன்றம் நவாஸ், மரியம் இருவரையும் தண்டித்தது. இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் 2022-இல் மரியமையும் 2023-இல் நவாஸையும் விடுவித்தது. சட்டம் தன் முடிவைச் சொல்லிவிட்டது. வாசகருக்கோ இந்த வழக்கு வேறொன்றைக் கற்றுத்தருகிறது: ஒரு தாளில் எழுதியிருப்பதைப் படிக்கத் தொடங்கும் முன்பே, எழுத்தின் வடிவத்திடம் சில கேள்விகள் கேட்கலாம். அது பதிலும் சொல்லும்.

எழுத்துக்கும் பிறந்த தேதி உண்டு

பாகிஸ்தானுக்கு 13 ஆண்டுகள் முன்பு அமெரிக்காவில் இதே கேள்வி எழுந்தது. 2004 செப்டம்பர் 8 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ புதன்கிழமைப் பதிப்பு சில குறிப்பாணைகளைக் காட்டியது. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் இளம் வயதில் தேசியக் காவல் படையில் ஒழுங்காகப் பணியாற்றவில்லை என்று அவருடைய மேலதிகாரி 1972, 1973-ஆம் ஆண்டுகளில் எழுதியவை என்று அவை அறிமுகப்படுத்தப்பட்டன. அதிபர் தேர்தலுக்கு இரண்டு மாதங்கள்கூட இல்லை. நிகழ்ச்சி முடிந்த சில மணி நேரத்துக்குள் இணையத்தில் சிலர் அந்தத் தாள்களின் எழுத்தை உற்றுப் பார்த்துவிட்டார்கள்.

அவர்கள் கவனித்தது எழுத்துகளின் அகலத்தை. சாதாரணத் தட்டச்சுப்பொறியில் ஒல்லியான ‘ஐ’ எழுத்துக்கும் பருத்த ‘எம்’ எழுத்துக்கும் ஒரே அகலம்தான். விசையைத் தட்டும் ஒவ்வொரு முறையும் உருளை ஒரே தூரம் நகரும். கணினி எழுத்துருக்கள் அப்படி இல்லை. ஒல்லி எழுத்துக்குக் குறைந்த இடம், பருத்த எழுத்துக்குக் கூடுதல் இடம். குறிப்பாணைகளின் எழுத்து இந்த இரண்டாவது வகை. எண்ணுக்குப் பின்னால் வரும் ஆங்கில விகுதி மேலே ஏறிச் சிறிதாக நின்றது. அதே வாசகத்தை வேர்டில் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தில் தட்டிப் பார்த்தபோது வரிகள் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தின.

எழுத்துக்கு எழுத்து அகலம் மாற்றும் தட்டச்சுப்பொறிகள் 1972-இலும் இருந்தன. அவை விலை அதிகமானவை, அரிதானவை. அதனால் எழுத்து மட்டும் வழக்கை முடித்துவைக்கவில்லை. சிபிஎஸ் அமைத்து, 2005 ஜனவரியில் அறிக்கை கொடுத்த விசாரணைக் குழுவும் ஆவணங்கள் போலி என்று அறுதியிடவில்லை. ஆனால் அவை உண்மையானவை என்று நிரூபிக்க முடியவில்லை என்று சிபிஎஸ் ஒப்புக்கொண்டது. தயாரிப்பாளர் வேலை இழந்தார். மூத்த அதிகாரிகள் மூவரைப் பதவி விலகச் சொன்னார்கள். செய்தி வாசிப்பாளர் டான் ராதர் 2005 மார்ச்சில் தன் இருக்கையை விட்டு இறங்கினார்.

தமிழுக்கும் இப்படியொரு காலக்கோடு உண்டு. ணா, றா, னா; ணை, லை, ளை, னை; ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய 13 எழுத்துகள் முன்பு தனித்தனி வடிவங்களில் இருந்தன. முதல் மூன்றிலும் கடைசி ஆறிலும் கால் தனியாக நிற்காமல் மெய்யோடு சேர்ந்து சுழிந்திருக்கும். நடுவிலுள்ள நான்கில் ஐகாரம், யானைத் தும்பிக்கைபோல் எழுத்தின் தலைமேல் வளைந்து ஏறும். பெரியார் 1935-இலேயே ‘குடி அரசு’ இதழில் இவற்றைச் சீர்திருத்தி அச்சிடத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணை பிறப்பித்தது 1978 அக்டோபரில். அதன் பிறகே பாடநூல்களும் நாளிதழ்களும் படிப்படியாகப் புதிய வடிவத்துக்கு வந்தன.

ஆகவே 1955-ஆம் ஆண்டின் அரசு அலுவலகக் கடிதம் என்று ஒரு படம் செல்பேசிக்கு வந்து, அதில் ‘னை’யும் ‘லை’யும் இன்றைய வடிவில் இருந்தால், ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். அதே ஆண்டின் திராவிடர் கழக வெளியீட்டில் அந்த வடிவம் இருந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பழைய ‘லை’யை இன்றும் கையால் எழுதுபவர்கள் இருக்கிறார்கள்; அதைத் தாங்கி நிற்கும் பெயர்ப்பலகைகளும் இருக்கின்றன. எழுத்து வடிவம் ஒரு தடயம். யார் அச்சிட்டார்கள், எங்கே, எதற்காக என்ற மற்ற தடயங்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதற்கு வலு.

கண்ணுக்கு எளிது, மனதுக்கு உண்மை

போலிகளைப் பிடிப்பது எழுத்தைக் கவனிப்பதால் கிடைக்கும் ஒரு பயன். வாசகர், தன்மீது எழுத்து என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொள்வது அதைவிடப் பெரிய பயன்.

வாசிக்கும்போது கண் வரிமேல் ஒரே சீராக ஓடுவதில்லை. ஓரிடத்தில் நிற்கிறது, தாவுகிறது, மறுபடி நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழ கால் விநாடி. அந்தக் கால் விநாடியில் எழுத்துகளை அடையாளம் கண்டு, சொல்லாகச் சேர்த்து, பொருளோடு இணைக்கும் வேலை மூளையில் நடக்கிறது. எழுத்து தெளிவாக இருந்தால் வேலை சுலபம். மங்கலாகவோ கிறுக்கலாகவோ இருந்தால் கடினம். இந்தச் சுலபத்தையும் கடினத்தையும் மூளை உணர்கிறது. ஆனால் அவை எழுத்திலிருந்து வந்தவையா, சொல்லப்பட்ட விஷயத்திலிருந்து வந்தவையா என்று பிரித்துப் பார்க்கத் தவறிவிடுகிறது.

1999-இல் ரோல்ஃப் ரேபர், நோர்பர்ட் ஷ்வார்ஸ் என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ‘ஓசோர்னோ சிலி நாட்டில் இருக்கிறது’ என்பது போன்ற, பெரும்பாலானோருக்கு விடை தெரியாத கூற்றுகளைத் திரையில் காட்டினார்கள். வெள்ளைப் பின்னணியில் சில கூற்றுகள் எடுப்பான நிறத்திலும் சில வெளிறிய நிறத்திலும் இருந்தன. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த கூற்றுகளை ‘உண்மை’ என்று சொன்னவர்கள் சற்று அதிகம். ஊர் அதே ஊர், நாடு அதே நாடு; மாறியது நிறம் மட்டும்.

2008-இல் ஷ்வார்ஸும் ஹியுன்ஜின் சாங்கும் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஓர் உடற்பயிற்சிக் குறிப்பைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு ஏரியல் என்ற எளிய எழுத்து. இன்னொரு பிரிவுக்குத் தூரிகையால் எழுதியதுபோன்ற சிக்கலான எழுத்து. பயிற்சிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டபோது முதல் பிரிவினரின் சராசரி மதிப்பீடு 8.2 நிமிடம். இரண்டாம் பிரிவினருடையது 15.1 நிமிடம். படிப்பதற்குக் கடினமாக இருந்தது, செய்வதற்கும் கடினம் என்று தோன்றிவிட்டது.

2012-இல் திரைப்பட இயக்குநர் எரல் மாரிஸ் நியூயார்க் டைம்ஸ் வாசகர்களிடம் இதைவிடப் பெரிய சோதனையை நடத்தினார். விண்கல் மோதலிலிருந்து மனித இனம் தன்னைக் காத்துக்கொள்ள முடியுமா என்பது பற்றிய ஒரு பத்தியைப் படித்து, அதிலுள்ள கூற்றை ஏற்கிறீர்களா என்று கேட்டார். ஒவ்வொருவர் திரையிலும் அந்தப் பத்தி ஆறு எழுத்துருக்களில் ஏதோ ஒன்றில் வந்தது வாசகர்களுக்குத் தெரியாது. சுமார் 45,000 பேர் பதில் சொன்னார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாமில் ஜான் பாஸ்கர்வில் உருவாக்கிய, நூல்களில் பழகிப்போன பாஸ்கர்வில் எழுத்துக்கு மற்றவற்றைவிட ஒன்றரை சதவீத அளவுக்குக் கூடுதல் ஒப்புதல் கிடைத்தது. கேலிச்சித்திர பாணியிலான காமிக் சான்ஸ் பின்தங்கியது.

ஒன்றரை சதவீதம் சிறிய எண். எந்த எழுத்துருவும் பொய்யை உண்மையாக்கிவிடாது. இந்தத் துறையில் மிகையான அறிவிப்புகளும் வந்திருக்கின்றன. 2018-இல் ஆஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகம், பின்பக்கம் சாய்ந்தும் நடுவில் உடைந்தும் இருக்கும் ‘சான்ஸ் ஃபர்ஜெடிகா’ என்ற எழுத்துருவை வெளியிட்டு, படித்தது நினைவில் நிற்க அது உதவும் என்றது. 2020-இல் வேறு ஆய்வாளர்கள் 882 பேரிடம் சோதித்தார்கள். அது நினைவாற்றலைக் கூட்டவில்லை. எனவே எழுத்துருவின் செல்வாக்கை மாயசக்தியாக நினைக்கவும் வேண்டாம், இல்லையென்று தள்ளவும் வேண்டாம். விடை தெரியாத இடத்தில், அவசரமாகப் படிக்கும் நேரத்தில், சந்தேகத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவில் ஊசலாடும் மனதை அது லேசாகத் தள்ளுகிறது. செல்பேசியில் செய்தி படிப்பவர்கள் பெரும்பாலும் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2012 ஜூலை 4 அன்று ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில், ஹிக்ஸ் போசானைத் தேடும் பணியில் ஒரு புதிய துகள் கண்டறியப்பட்டது என்று ஃபாபியோலா ஜனோட்டி அறிவித்தார். அவர் காட்டிய படவில்லைகள் காமிக் சான்ஸில் இருந்தன. அன்று இணையத்தில் பலர் துகளை விட்டுவிட்டு எழுத்துருவைக் கேலி செய்தார்கள். கண்டுபிடிப்போ அசைக்க முடியாதது. அடுத்த ஆண்டே, அந்தத் துகளை முன்கூட்டியே கணித்த ஹிக்ஸுக்கும் அங்லேருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அழகான எழுத்து நம்பவைக்கக் கூடாததுபோலவே, பொருந்தாத எழுத்தும் அவநம்பிக்கை தரக் கூடாது.

பெரிது எது, சிறிது எது

எழுத்து தனியாக வருவதில்லை. அது ஒரு பக்கத்தில், ஓர் அளவில், ஓரிடத்தில், வேறு எழுத்துகளுக்கு அருகில் நிற்கிறது. எதை முதலில் பார்ப்பது, எது எதோடு சேர்ந்தது என்பதையெல்லாம் அந்த அமைப்பு முடிவு செய்கிறது. பெரியது முக்கியம் என்றும், அருகருகே இருப்பவை ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்றும், ஒரே நேர்க்கோட்டில் இருப்பவை ஒரே வகை என்றும் கண் எடுத்துக்கொள்கிறது. அடிப்படை வடிவமைப்பு என்பது இந்தப் பழக்கங்களோடு வேலை செய்வதுதான். அதில் ஒரு சிறு பிசகு என்ன செய்யும் என்பதற்கு 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல் சாட்சி.

ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில் முதிய வாக்காளர்கள் அதிகம். வேட்பாளர்களோ 10 பேர். எல்லோரையும் ஒரே பக்கத்தில் அடக்கினால் எழுத்து பொடியாகிவிடும் என்பதால், தேர்தல் அதிகாரி பெயர்களை எதிரெதிரான இரண்டு பக்கங்களில் பிரித்துப் பெரிய எழுத்தில் அச்சிட்டார். துளையிட வேண்டிய புள்ளிகள் நடுவில் ஒரே வரிசையில் இருந்தன. நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் இடப்பக்கத்தில் முதல் பெயர் புஷ், இரண்டாவது பெயர் ஜனநாயகக் கட்சியின் அல் கோர். நடுவரிசையில் முதல் துளை புஷ்ஷுக்கு. இரண்டாவது துளையோ வலப்பக்கத்தில் முதலாவதாக இருந்த பேட் புக்கானனுக்கு. கோருக்கு மூன்றாவது துளை. இடப்பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்த கண்ணுக்கு, இரண்டாவது பெயருக்கு இரண்டாவது துளை என்று தோன்றியது இயல்பு.

அந்த மாவட்டத்தில் புக்கானனுக்கு 3,400-க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. அவற்றில் பல தனக்கானவை அல்ல என்று அவரே சொன்னார். 19,000-க்கும் மேற்பட்ட சீட்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்ததால் அவை செல்லாமல் போயின. 2001-இல் அரசியல் அறிவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஓர் அருமையான ஒப்பீட்டைச் செய்தது. அஞ்சலில் வாக்களித்தவர்களுக்கு இந்த இருபக்க அமைப்பு இல்லை. வாக்குச்சாவடியில் புக்கானன் பெற்ற விகிதம் அஞ்சல் வாக்குகளில் பெற்றதைப்போல் நான்கு மடங்கு. ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் 2,000-க்கும் மேற்பட்டோர் தவறுதலாக அவருக்கு வாக்களித்தார்கள் என்று ஆய்வு கணக்கிட்டது. ஃபுளோரிடாவை புஷ் வென்றது 537 வாக்கு வித்தியாசத்தில். அந்த மாநிலம்தான் அவரை அதிபராக்கியது.

அளவு பற்றிய கேள்வி இந்திய நீதிமன்றத்துக்கும் வந்திருக்கிறது. தவறான விளம்பரங்கள் தொடர்பான வழக்கில் பதஞ்சலி நிறுவனம் 2024 ஏப்ரலில் 67 நாளிதழ்களில் மன்னிப்பு விளம்பரம் வெளியிட்டதாக உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. வழக்கமாக நீங்கள் வெளியிடும் விளம்பரங்கள் இருக்கும் அளவிலா இந்த மன்னிப்பும் இருந்தது என்று நீதிபதிகள் கேட்டார்கள். மறுநாள் பெரிய அளவில் மன்னிப்பு வெளியானது. வாக்குறுதி முழுப் பக்கத்திலும் திருத்தம் ஒரு மூலையிலும் வந்தால் வாசகர் மனதில் நிற்பது வாக்குறுதிதான் என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

நட்சத்திரக் குறி போட்டு ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று பொடி எழுத்தில் முடிக்கும் விளம்பரங்களும் இதே வகை. 2022 ஜூனில் இந்திய அரசு வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள், பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரக் கூற்று இருக்கும் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன. நிறத்துக்கும் அளவுகோல் உண்டு: வலைப்பக்கங்களுக்கான சர்வதேச அணுகல் நெறிகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன. வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளையில் வைத்து ஒரு நிபந்தனையை எழுதுபவர், அதைப் படிக்க வேண்டியவருக்காக எழுதவில்லை.

நியூஸ் கார்டைப் பிரித்துப் பார்த்தல்

தமிழ் வாசகர் இந்த அறிவை அன்றாடம் பயன்படுத்த வேண்டிய இடம் நியூஸ் கார்டு. தொலைக்காட்சிகளும் நாளிதழ்களும் சமூக ஊடகங்களுக்காக வெளியிடும் சதுரப் படம் அது: மேலே நிறுவனத்தின் லோகோ, ஒரு பக்கம் தலைவரின் படம், பெரிய எழுத்தில் அவர் சொன்னது, கீழே தேதி. போலி தயாரிப்பவர்கள் உண்மையான கார்டு ஒன்றை எடுத்து, லோகோவையும் படத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, வாசகத்தை மட்டும் அழித்து, சொல்லாததைச் சொன்னதாக எழுதிவிடுகிறார்கள். நம்பிக்கை லோகோவிலிருந்தும் நிறத்திலிருந்தும் வருகிறது. பொய் அதன்மேல் ஏறி வருகிறது.

செய்தி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எழுத்துருவை வைத்திருக்கும். போலி செய்பவரிடம் அது இருப்பதில்லை. செல்பேசியில் நேரடியாகத் தட்டினால் பெரும்பாலும் அந்தக் கருவியின் இயல்பெழுத்தே வரும். ஆண்ட்ராய்டில் அது பொதுவாக நோட்டோ தமிழ். ஐபோனில் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் வடிவமைத்த தமிழ் சங்கம். உண்மையான கார்டை அருகில் வைத்துப் பார்த்தால் கோட்டின் தடிமன், சுழியின் வளைவு, வரிகளுக்கு இடையிலான இடைவெளி எல்லாம் வேறுபடுவது தெரியும். பழைய வாசகத்தை அழித்த இடத்தில் பின்னணி நிறம் திட்டாக நிற்கும். வாசகம் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கும்.

தமிழின் எழுத்தமைப்பும் ஒரு தடயம் தருகிறது. ‘கெ’ என்பதைக் கணினி சேமிக்கும் வரிசையில் முதலில் ‘க’, அதன் பின்னரே கொம்பு. திரையில் காட்டும்போதுதான் மென்பொருள் கொம்பை இடப்பக்கம் நகர்த்துகிறது. தமிழுக்குத் தயாராகாத மென்பொருளில் கொம்பு வலப்பக்கமே நின்றுவிடும், அல்லது புள்ளிவட்டத்தோடு தனியாகத் தொங்கும். உண்மையான செய்தி அறையிலிருந்து இப்படி உடைந்த எழுத்தோடு கார்டு வெளியாவது அரிது.

தமிழில் யூடர்ன் போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்களும், 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தகவல் சரிபார்ப்பகமும் தொடர்ந்து போலிக் கார்டுகளை அம்பலப்படுத்துகின்றன. எழுத்துரு பொருந்தாமை இத்தகைய சரிபார்ப்பில் எளிதாகச் சுட்டிக்காட்டக்கூடிய அடையாளம். ஆனால் படத்திருத்தச் செயலிகளும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் எழுத்தை நகலெடுக்கும் திறனில் வளர்ந்துகொண்டே வருகின்றன. எழுத்துரு பொருந்தாவிட்டால் சந்தேகிக்கக் காரணம் உண்டு. பொருந்திவிட்டது என்பதாலேயே கார்டு உண்மையாகிவிடாது.

இதற்கு நிபுணர் தேவையில்லை. பள்ளி ஆசிரியர்கள் ஓர் உண்மையான கார்டையும் அம்பலமான ஒரு போலியையும் அருகருகே வைத்து, வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னால் ஒரு வகுப்பு நேரம் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளால் செய்ய முடிகிற வேலை. வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்தும் இதைச் செய்யலாம். அடுத்த முறை குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் கோபத்தைக் கிளப்பும் ஒரு கார்டு வந்தால், வாசகத்தைப் படிக்கும் முன் எழுத்தையும் இடைவெளியையும் தேதியையும் பாருங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்துக்குப் போய், அதே தேதியில் அதே கார்டு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் அங்கே அது இல்லை என்று சொல்லுங்கள்.